யானைத் தடமும் வடபாதையும்

இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றைக் களமாகக் கொண்டு ஹொலிவூட்டார் எடுத்த காதற்படங்களுள் பெயர்பெற்றது ‘எலிபன்ற் வோக்’. ‘யானைத் தடம்’ என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். றொபேட் ஸ்ரான்டிஷ் எழுதிய நாவலைத் தழுவி, வில்லியம் டீற்றர்லேயின் நெறியாள்கையில், பரமவுண்ட் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட படம் அது. இன்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருந்து அதனைப் பார்ப்பவர், பிறர் கண்ணிற் படாத சிலவற்றைக் காணக்கூடும்.

கதை எளியது. ஜோன் வைலி என்னும் தோட்டத்துரை இங்கிலாந்திலே ரூத் என்பவளை மணந்து இலங்கைக்கு அழைத்து வருகிறான். யானைகள் தலைமுறை தலைமுறையாக நீருக்குச் சென்ற வழியை மறித்து அவன் தந்தை கட்டிய மாளிகையே அவர்கள் இல்லம். தந்தை இறந்தும் அவர் ஆட்சி அவ்வீட்டில் ஓயவில்லை. மனம் சலித்த ரூத், மேற்பார்வையாளன் டிக் காவர் பக்கம் சாய்கிறாள். இதற்கிடையே வாந்திபேதி பரவுகிறது. இறுதியில் யானைகள் மதிலை உடைத்து மாளிகையைத் துவம்சம் செய்கின்றன.

யானையின் வழியை மறித்தால் என்ன நேரும் என்பது வன்னி மக்களுக்குப் புதிதன்று. ஆனையிறவு என்னும் பெயரே யானைகள் கடந்து சென்ற துறையை நினைவூட்டுவது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிபங்கள் யானைகளையே திறையாகச் செலுத்தினர். அவை யாழ்ப்பாணத்தில் விற்கப்பட்டுக் கப்பலேறின. வயற்காவலில் இரவு முழுதும் விழித்திருக்கும் கமக்காரன், படத்து யானைகளின் பக்கம் நியாயம் உண்டென்றே சொல்வான். தன் நெல்லை அவை தின்றபோதும் அவ்வாறு சொல்வானா என்பது வேறு கேள்வி.

ரூத்தாக முதலில் நடித்தவர் விவியன் லீ. 1953ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து நடித்த அவர் கடும் மனநோயுற்று விலகவே, எலிசபெத் ரெயிலர் அவ்விடத்தைப் பெற்றார். ஆயினும் இலங்கையில் தூர நின்று எடுத்த காட்சிகள் சிலவற்றில் இருப்பவர் விவியன் லீயே.

தூரத்தே மட்டும் தெரிபவர் வேறும் உளர். வீட்டுப் பணியாளர் தலைவன் அப்புஹாமிக்குக் கதையில் நல்ல இடமுண்டு. இரங்கூனிற் பிறந்த ஏபிரகாம் சோபர் அவ்வேடம் தாங்கினார். கொழுந்து பறிக்கும் தமிழருக்கோ அத்தகைய இடமில்லை. படப்பிடிப்புக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது.

வாந்திபேதியும் படத்தில் துரையையும் துரைசாணியையும் மீண்டும் சேர்த்துவைக்கும் கருவியாகவே வருகிறது. வரலாற்றில் அந்நோய் தோட்டத்தை அடையுமுன்பே தொழிலாளரைப் பற்றிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில், முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து வந்தோரிற் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை எனப்பட்ட வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வன்னிக் காட்டின் தெற்கு விளிம்பை ஒட்டிச் சென்ற வழி அது. பசியும் காய்ச்சலும் வாந்திபேதியும் வாட்ட, பாதையோரத்திலேயே எத்தனையோ பேர் மடிந்தனர். தாய் நடந்தாள், மடியிற் குழந்தையும் உடன் சென்றது. இருவரும் மாத்தளை சேர்வரென்ற உறுதி எவருக்கும் இருக்கவில்லை.

படத்தின் முடிவில் ஜோனும் ரூத்தும் எரியும் மாளிகையை நீங்கி, வேறோர் இடத்தில் வாழப் புறப்படுகின்றனர். லயத்தில் இருந்தோர் எங்கே சென்றனர் என்பது காட்டப்படவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பேசப்படுவதற்கென விடப்பட்டது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் காடுவெட்டிக் குடியேறின. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. அதற்குள் அக்குடும்பங்களின் பிள்ளைகள், முன்னோர் நடந்துபோன காட்டுவழிக்கு வெகுதூரமில்லாத ஊர்களில் வளர்ந்து, தாமும் பிள்ளைகளைப் பெற்றிருந்தனர்.