காவினில் ஒரு கட்டம்: நயினாதீவுக் கல்யாணக் கணக்கு

என்னிடம் மூன்று காவின் பிரதிகள் இருக்கின்றன. ஒன்று உம்மாவுடையது, 1965ஆம் ஆண்டுக்குரியது. மற்றொன்று என்னுடையது, 1996. மூன்றாவது என் மகளுடையது, 2023. மூன்றிலும் கைக்கூலிக்குரிய கட்டத்தில் "இல்லை" என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றில் மட்டும் அது பொய். நான் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியன். ஆவணம் பொய் சொல்லும் என்று மாணவர்களுக்கு இருபது வருடங்களுக்கு மேலாகச் சொல்லி வந்தவன், என் வீட்டு ஆவணத்தைப் படிக்க இவ்வளவு காலம் எடுத்தது.

மகளின் கல்யாணப் பேச்சு 2022இன் கடைசியில் வந்தது. அந்த வருடம் நாடு பட்ட பாடு எல்லாரும் அறிந்ததே. சில கிழமைகளுக்குள் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறியது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். புத்தளத்தில் ஒரு மண்டபத்தில் விசாரித்தேன். நானூறு பேருக்குச் சாப்பாடும் மண்டபமும் சோடனையுமாகப் பதினான்கு இலட்சம் என்றார்கள். கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து வீட்டில் வைத்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, "வாப்பா, நானூறு பேர்ல எனக்குத் தெரிஞ்சவங்க எத்தின பேர்?" என்று கேட்டாள். அறுபது பேர் தேறினார்கள். "அப்ப அந்த அறுபது பேரையும் ஊருக்குக் கூட்டிப் போவம்" என்றாள்.

ஊர் என்று அவள் சொன்னது நயினாதீவை. அவள் பிறந்தது புத்தளத்தில். ஊரை அவள் அறிந்ததெல்லாம் உம்மும்மாவின் பேச்சில்தான்.

*

கொடுப்பதற்குப் பெரிதாக எதுவுமில்லாத தகப்பன், எங்கள் தீவில் முன்னோர் எப்படிக் கல்யாணம் வைத்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேட்டம் நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டில் போய் நின்றது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. பரதேசிகள் ஊராத்துறைக்கே வந்து இறங்க வேண்டும், அவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பலென்றால் பாதிக்குப் பாதி. ஊராத்துறைதான் பின்னாளில் ஊர்காவற்றுறை ஆயிற்று. கடலால் வந்த அந்நியனுக்கும் உரிமை உண்டு என்று கல்லில் எழுதிய கரை எங்களுடையது.

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. டெல்ஃப்ட் மட்டும் நிலைத்துவிட்டது. அவர்கள் விட்டுப்போன இன்னொன்று அதைவிட ஆழமாக நிலைத்தது. 1707இல் யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இந்த நாட்டு வழமைகளைத் தொகுத்தார். அதுவே தேசவழமை. ஆணுக்கு வழிவழியாக வருவது முதுசம், பெண்ணுக்குக் கல்யாணத்தில் கொடுப்பது சீதனம், இருவரும் சேர்ந்து தேடியது தேடியதேட்டம் என்று சொத்து மூன்றாகப் பிரிந்தது. தாயின் சீதனத்திலிருந்து மகளுக்குச் சீதனம் என்பது அதன் ஓட்டம். அந்த ஏற்பாட்டில் சீதனம் பெண்ணின் சொத்து என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பிரித்தானியர் 1806இல் தேசவழமையைச் சட்டமாக்கினார்கள். அதே ஆண்டில்தான் முஹம்மதியச் சட்டக்கோவையும் வந்தது. ஆக, யாழ்ப்பாணத் தமிழருக்கு ஒரு சட்டம், சோனகருக்கு ஒரு சட்டம். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கல்யாணப் பேச்சு ஒரே மாதிரித்தான் நடந்தது. மஹர் என்பது ஆண் பெண்ணுக்குக் கொடுப்பது. அது நூற்றொரு ரூபாவாகச் சுருங்கி ஏட்டில் கிடந்தது. பெண் வீட்டிலிருந்து போவது வீடு, வளவு, நகை, ரொக்கம் என்று வளர்ந்தது.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இந்த வழக்கத்தைத் தடுக்கவில்லை, அதற்கு ஒரு வரைவிலக்கணம் கொடுத்தது. கைக்கூலி என்பது, கல்யாணத்துக்கு முன்னரோ கல்யாணத்தின்போதோ பெண்ணின் உறவினரோ வேறெவருமோ, மணமகளின் பயனுக்காக, மணமகனிடம் கொடுக்கும் அல்லது கொடுப்பதாக வாக்களிக்கும் பணம் அல்லது அசையும் பொருள். "மணமகளின் பயனுக்காக" என்பதை நான் இரண்டு முறை வாசித்தேன். மாப்பிள்ளை வீட்டின் கூரைக்கு என்று அதில் இல்லை. மச்சானின் வெளிநாட்டுப் பயணத்துக்கு என்றும் இல்லை.

*

உம்மாவின் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு, தனுஷ்கோடியை அழித்த அதே புயல் வட இலங்கையையும் அடித்தது. எங்கள் வீட்டுக் கூரை போயிற்று. மூத்தாப்பாவின் வள்ளம் உடைந்தது. நோன்புக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. பெருநாள் கழிந்த ஷவ்வாலில் வைப்பதாகப் பேசி முடித்த கல்யாணம். சீதனம் என்று சொன்னதெல்லாம் கடலோடு போய்விட்டது. வாப்பாவின் தகப்பனார் வந்து உடைந்த வள்ளத்தைப் பார்த்துவிட்டு, "திகதியை மாத்த வேணாம், ஆளைத் தந்தாப் போதும்" என்றாராம்.

உம்மா சொன்ன கல்யாணம் இது. புயலில் விழுந்த தென்னோலையைக் கிடுகாகப் பின்னிப் பந்தல் போட்டார்கள். வள்ளத்துப் பாயை அதற்கு மேலே கட்டினார்கள். கிடாரமும் அகப்பையும் கோயிலடி வீடுகளிலிருந்து வந்தன. அந்த வீட்டுக்காரர் எங்கள் சமையலைச் சாப்பிட மாட்டார்கள் என்பதால் அவர்களுக்கு அரிசியும் மரக்கறியும் தேங்காயும் பச்சையாகக் கடகத்தில் வைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் பனங்கட்டிக் குட்டான்களை அனுப்பினார்கள். சஹனுக்கு ஆறு பேராக உட்கார்ந்து நெய்ச்சோறும் பாரை மீன் ஆணமும் சாப்பிட்டார்கள். புயலுக்குப் பின் ஆடு கிடைக்கவில்லை. மருதோன்றி அரைத்த அம்மி பக்கத்து வீட்டுடையது. மஹர் நூற்றொரு ரூபா, கைக்கூலி இல்லை.

இதைச் சொல்லிவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று முடித்தால் நான் வரலாற்று ஆசிரியனல்ல. புயல் அடித்திராவிட்டால் சீதனம் போயிருக்கும். வாப்பாவின் பெரியம்மா ஒருவர், ஒரு வீடு எழுதிக் கொடுக்க வழியில்லாததால் கடைசிவரை கல்யாணம் ஆகாமலே மவுத்தானார். பெட்டி இழைத்து, பாய் பின்னி, அடுத்தவர் பிள்ளைகளின் கல்யாணத்துக்கெல்லாம் வேலை செய்தார். தீவுக் கல்யாணம் எளிமையாக இருந்ததற்குப் பெரிய காரணம் கடல். அரிசி, ஆடு, விருந்தாளி எல்லாமே படகில்தான் வர வேண்டும். படகு கொள்ளும் அளவுதான் விருந்து. வளவையும் ரொக்கத்தையும் அளக்க அப்படி ஒரு படகு இருக்கவில்லை.

*

1990 ஓகஸ்டில் தீவுப்பகுதியில் சண்டை மூண்டதும் நாங்கள் யாழ்ப்பாணம் சோனகத்தெருவுக்கு உறவினர் வீட்டுக்குப் போனோம். ஒக்டோபர் 30ஆம் திகதி, எல்லாரும் ஒஸ்மானியாக் கல்லூரிக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். கையில் சில நூறு ரூபாவும் உடுப்பும். பெண்களின் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றி வாங்கினார்கள். அந்த மாதத்தில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். உடைந்த கப்பலின் சரக்கிலும் உடையவனுக்குப் பங்கு உண்டு என்ற கல்வெட்டு அப்போதும் கோயிலில் நின்றுகொண்டுதான் இருந்தது. உம்மா இடுப்பில் செருகி வந்த துணிப்பையில் அடையாள அட்டையும் காவின் பிரதியும் மிஞ்சின.

கற்பிட்டி, புத்தளம் முகாம்களில் முதல் இரண்டு வருடங்களில் நடந்த கல்யாணங்கள் என் நினைவில் இருக்கின்றன. ஓலைக் கொட்டிலில் பாய் விரித்து, பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்து நிக்காஹ் முடிந்தது. இரவல் சாரி ஒன்று நாலு மணப்பெண்களை உடுத்தியது. எவரிடமும் தங்கம் இல்லை என்பதால் எவரும் தங்கம் கேட்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு மௌலவி எங்களுக்கு நினைவூட்டினார்: ரசூலுல்லாஹ் (ஸல்) ஸஃபிய்யா நாயகியை மணந்தபோது கொடுத்த வலீமா பேரீச்சம்பழமும் காய்ந்த தயிரும் நெய்யும்தான். அலி (ரலி) ஃபாத்திமா நாயகிக்கு மஹராகக் கொடுத்தது தமது போர்க்கவசம். நாங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம்.

ஆறு வருடங்கள் போதுமாக இருந்தன. கையில் கொஞ்சம் காசு புழங்கத் தொடங்கியதும் பழையது எல்லாம் திரும்பி வந்தது. 1996இல் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் ஊர்காவற்றுறை. மாமா கற்பிட்டியில் இன்னொருவருடைய வள்ளத்தில் கூலிக்குத் தொழில் செய்துகொண்டிருந்தார். "நாங்க ஒண்டும் கேக்கல்ல, உங்கட விருப்பம்" என்றார்கள் எங்கள் வீட்டார். அந்தச் சொல்லின் பொருள் எல்லாருக்கும் தெரியும். நாற்பதாயிரம் ரூபா வந்தது. அந்நாளைய விலையில் ஏறக்குறைய எட்டுப் பவுன். அதில் பாதி எங்கள் கூரைக்குப் போனது, பாதி காக்கா சவூதிக்குப் போவதற்குப் போனது. காவின் எழுத வந்த பதிவாளர் கைக்கூலி எவ்வளவு என்று கேட்டார். நான் "இல்லை" என்றேன். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

*

மகளுக்கு மாப்பிள்ளை பேசி வந்தவர்களும் அதே சொல்லைச் சொன்னார்கள்: "உங்கட விருப்பம்." அவர்கள் போன பிறகு நான் சத்தம் போட்டேன். மார்க்கம் பேசினேன், சட்டம் பேசினேன், வரைவிலக்கணத்தை வாசித்துக் காட்டினேன். மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க வாங்கினீங்கதானே?" என்றாள். அவ்வளவுதான். இருபத்தேழு வருடங்களில் அவள் அதைச் சொன்னது அந்த ஒரு தடவை.

எட்டுப் பவுனை அந்த நேரத்து விலைக்குக் கணக்குப் பார்த்தேன். பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல் வந்தது. மண்டபக்காரர் சொன்ன தொகைக்கு அது அதிக தூரமில்லை. என்னால் முடியாத தொகை. என்னிடம் இருந்தது வாப்பாவின் வழியில் வந்த நயினாதீவு வளவு ஒன்றுதான். 2002இல் சமாதான காலத்தில் முதன்முதலாகப் போய்ப் பார்த்தபோது கூரையில்லாத சுவரும் கிணறும் மிஞ்சியிருந்தன. நொத்தாரிசிடம் போய் அதை மனைவியின் பெயருக்கு எழுதினேன். பிறகு மாப்பிள்ளையின் தாயாரைக் கண்டு, நான் வாங்கிய கதையையும் எழுதிய கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட வீட்டிலயும் அப்படித்தான் நடந்த. ஊர் என்ன சொல்லும் எண்டுதான் பயம். ஊரைக் கூப்பிடாட்டிச் சரிதானே" என்றார்.

2023 மே மாதம், ஷவ்வாலில், வெசாக் நெரிசல் கழிந்து, சோளகம் பலக்கும் முன்னர் போனோம். அறுபது பேருக்கு ஒரு பெரிய பஸ், இரவோடிரவாகப் புத்தளத்திலிருந்து. பண்ணைப் பாலம் தாண்டி, மண்கும்பான் பள்ளிவாசலடியில் சுபஹ் தொழுதுவிட்டு, குறிகாட்டுவானில் படகேறினோம். நிக்காஹ் தீவுப் பள்ளிவாசலில் நடந்தது. சாப்பாடு எங்கள் வளவில். இல்லை, மனைவியின் வளவில். கிடுகுப் பந்தல், ஈர்க்கில் தோரணம், மல்லிகை. நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும், அதோடு உம்மாவின் நினைவுக்காகப் பாரை மீன் ஆணமும். சஹனுக்கு ஆறு பேர், பத்துச் சஹன். கிடாரம் கோயிலடியிலிருந்துதான் வந்தது. உம்மாவின் தோழியாக இருந்த அக்கா ஒருவர், எழுபது வயதுக்கு மேலிருக்கும், பனங்கட்டிக் குட்டானோடு வந்து மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனார். விருந்தாளிகளுக்கு வெற்றிலைப் பெட்டி அளவில் பனையோலைப் பெட்டிகள், உள்ளே ஒரு துண்டு தொதல். அவற்றை இழைத்தது மகளும் அவளுடைய தோழிகளும்.

கணக்கை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பஸ் 95,000, சாப்பாடு 82,000, உடுப்பு 60,000, படகு 18,000, பந்தலும் பூவும் 12,000. மொத்தம் 267,000 ரூபா. செலவில் பாதியை மாப்பிள்ளை வீட்டார் ஏற்றார்கள். வலீமா அவர்களுடைய கடமை என்று அவர்களே சொன்னார்கள்.

மஹராக என்ன வேண்டும் என்று மகளிடம் கேட்டிருந்தோம். தையல் மெஷின் என்றாள். அவளுடைய உம்மா கன்னிப்பிள்ளையாக இருந்தபோது ஊர்காவற்றுறையில் விட்டு வந்த மெஷினைப் பற்றி அவள் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவில் வலியின் கையொப்பத்துக்கு இடம் உண்டு, மணமகளின் கையொப்பத்துக்கு இடம் வைக்கப்படவில்லை. அதனால் அவள் ஒரு தாளில் தன் சம்மதத்தையும் மஹரையும் தன் கையால் எழுதி ஒப்பமிட்டாள். வலியாக நான் அதைச் சாட்சிகள் முன் வாசித்துவிட்டே நிக்காஹ் சொன்னேன். பதிவாளர் கைக்கூலி எவ்வளவு என்று கேட்டார். "இல்லை" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போயிருக்க வேண்டும், இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா மவுத்தாகிப் பதினோரு வருடங்கள். அவருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வழியில்லை. நானூறு பேரில் அழைக்காமல் விட்ட முந்நூற்று நாற்பது பேரில் சிலர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. எளிய கல்யாணத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைப் பணத்தில் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். இதை வாசிக்கிறவர்கள் தத்தம் வீட்டுக் காவினை ஒரு தடவை எடுத்து, அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் நல்லது.

பின்னேரம் படகுக்கு நேரமாகிவிட்டது. எல்லாரும் இறங்குதுறைக்கு நடந்தார்கள். மனைவி மட்டும் கிணற்றடியில் நின்று வளவின் எல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறுதி எழுதிக் கொடுத்த அன்று அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் கிட்டப் போனதும் சொன்னாள்:

"கிழக்குப் பக்கம் வேலி முழுக்கப் போய்க் கிடக்கு. அடுத்த மாசம் வந்து அடைக்க வேணும்."