ரைஸ் குக்கரின் விலை

சென்ற கூட்டம் முடியும் நேரத்தில், நேரலையின் அரட்டைப் பெட்டியில் ஓர் இளம் நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்: “அடுத்த மாதம் என் மனைவி இங்கே வருகிறார். நீங்கள் டோக்கியோவில் பல வருடமாக இருப்பவர். கொடுக்கிற காசுக்கு நல்ல ரைஸ் குக்கர் எது என்று சொல்ல முடியுமா?” நாவல் பற்றிய கூட்டத்தில் குக்கர் கேள்வியா என்று பலர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை என்று தோன்றியது. இன்றைக்கு அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோவுக்குப் பக்கத்தில் கவாசாகி என்ற ஊர். அங்கே தோஷிபா நிறுவனத்தின் அருங்காட்சியகத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்க்கப் போயிருந்தேன். ஒரு கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை நிறத்தில், அலுமினிய மூடி போட்ட ஒரு பானை இருந்தது. 1955 டிசம்பரில் விற்பனைக்கு வந்த தானியங்கி ரைஸ் குக்கர். விலை 3,200 யென். அன்றைக்குக் கல்லூரி முடித்து வேலையில் சேரும் ஒருவரின் மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சோறு வடிக்க ஒரு பானைக்கு இவ்வளவு விலையா என்றுதான் முதலில் நினைத்தேன்.

மின்சாரத்தில் சோறு சமைக்கும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. 1945-இல், போரில் எரிந்துபோன டோக்கியோவில், இபுகா மசாரு என்பவர் தொடங்கிய சிறு நிறுவனம் ஒரு மரத்தொட்டியின் அடியில் அலுமினியத் தகடுகளைப் பொருத்தி ஒரு குக்கர் செய்தது. சோறு ஒரு நாள் குழையும், ஒரு நாள் வேகாது. விற்க முடியவில்லை. அந்தச் சிறு நிறுவனம்தான் பின்னாளில் சோனி ஆயிற்று. மிட்சுபிஷியும் ஒன்று செய்தது. ஆனால் சோறு வெந்ததும் அதை நிறுத்த ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விறகடுப்பின் முன் நிற்பதற்குப் பதிலாக மின்சாரத்தின் முன் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தோஷிபாவில் யமாதா ஷோகோ என்ற விற்பனைக்காரர் இருந்தார். துணி துவைக்கும் இயந்திரத்தை ஊர் ஊராகச் செய்து காட்டப் போனவர், பெண்களிடம் எந்த வேலை கடினம் என்று கேட்டார். துணி துவைப்பதைவிட, நாள்தோறும் அடுப்பில் சோறாக்குவதுதான் என்ற பதில் வந்தது. அந்தப் பதிலை அவர் எடுத்துக்கொண்டு போனது ஒரு சின்னப் பட்டறைக்கு. பட்டறைக்காரர் மினாமி யோஷிதாதா. அவருக்குச் சோறாக்கத் தெரியாது. அவர் மனைவி ஃபுமிகோவுக்குத் தெரியும்.

சோதனைகளைச் செய்தவர் ஃபுமிகோதான். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, விடியற்காலைக் குளிரிலும் வெயிலிலும் சோறாக்கி, வெப்பநிலையை எழுதி வைத்தார். வீட்டை அடமானம் வைத்து நடந்த வேலை இது. கொதி வந்த பிறகு சுமார் 20 நிமிடம் அதே சூட்டில் இருந்தால் சோறு பதமாகும் என்று கண்டார்கள். குளிரிலும் வெயிலிலும் அந்த 20 நிமிடத்தை எப்படி அளப்பது? அதற்குத் தண்ணீரையே கடிகாரமாக்கினார்கள். வெளிப்பானையில் ஒரு குவளைத் தண்ணீர், உள்பானையில் அரிசி. வெளியே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. அது வற்றியதும் சூடு சட்டென்று ஏறும். ஏறியவுடன், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஹொக்கைதோவின் கடுங்குளிரில் இது சரியாக வேலை செய்யவில்லை. பானைக்கு இன்னொரு சுவரும், நடுவே காற்று இடைவெளியும் வைத்து அதையும் சரிசெய்தார்கள்.

குக்கர் வந்தது, வென்றது. உழைத்து உடல் கெட்ட ஃபுமிகோ அடுத்த சில ஆண்டுகளில், நடுத்தர வயதிலேயே இறந்துபோனார். நான் பார்த்த 3,200 யென்னில் அந்தக் கணக்கு இல்லை.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. தொடக்கத்தில் இதை எதிர்த்த ஆண்கள் இருந்தார்கள். தூங்கிக்கொண்டே சோறாக்க நினைக்கிறவள் என்ன மனைவி என்பது அவர்கள் வாதம். இதைப் படித்தபோது எனக்கு முகம் சுருங்கியது. ஏனென்றால் அந்த வாதத்தை நான் என் வீட்டில் கேட்டிருக்கிறேன்.

எங்களுக்கு மாயவரம் பக்கம் ஒரு கிராமம். அம்மா நாலரை மணிக்கு எழுந்து, முதலில் உமி அடுப்பிலும், பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ்விலும் உலை வைத்தவர். 1990களில் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு ரைஸ் குக்கர் கொண்டுவந்தார். அப்பா ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு, “மிஷின் சோறு எனக்கு ஒத்துக்காது” என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான், “வடிச்ச சோறுதாம்மா நல்லாருக்கு” என்றேன். குக்கர் பெட்டியோடு பரணுக்குப் போயிற்று. எனக்கு அப்போது கல்லூரி வயது. ஒரு நாள்கூட உலை வைத்தவன் இல்லை.

நியாயமாகச் சொன்னால், சோறு நன்றாக இல்லை என்பது பொய்யும் இல்லை. நாம் நிறையத் தண்ணீரில் வேகவிட்டுக் கஞ்சியை வடிப்பவர்கள். நடுவில் திறந்து, கிளறி, ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்ப்போம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் சமையல் முறை. ஜப்பானியர் தண்ணீரை அளந்து ஊற்றி, அது முழுவதும் அரிசிக்குள் போகும்வரை மூடியைத் தொடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் இயந்திரமாக்கினார்கள். வேறு ஊருக்குப் போகும்போது இயந்திரமும் மாற வேண்டும். 1960-ஐ ஒட்டி மட்சுஷிதாவின் நேஷனல் குக்கர் ஹாங்காங்குக்குப் போனபோது, அங்கே அதை விற்ற வில்லியம் மோங் உள்ளூர்ச் சமையலுக்கு ஏற்ற மாற்றங்களைக் கேட்டு வாங்கினார். உள்ளே பார்க்க மூடியில் ஒரு கண்ணாடிச் சாளரம் வந்தது அப்படித்தான். 1980களின் இறுதியில் அதே நிறுவனம் சென்னையில் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கியது, நம் வீடுகளுக்கும் குக்கர் பரவலாக வந்தது. எங்கள் வீட்டில் அதை அளவு மாற்றிப் பார்க்க யாரும் முயலவில்லை. ஒரு நாளில் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அப்பா போன பிறகு அம்மா டோக்கியோவுக்கு வந்தார். முதல் நாள் குக்கரைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். “போய் உட்காருங்கம்மா” என்றேன். “அடுப்பை விட்டுட்டு எப்படிப்பா உட்கார்றது?” என்றார். மூன்றாம் நாள் உட்கார்ந்தார். சோறு வெந்து பொத்தான் ‘டக்’கென்று விழுந்தபோது ஜன்னல் பக்கம் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எழுப்பவில்லை. பரணில் கிடந்த அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது.

இனி நண்பருக்குப் பதில். குக்கரின் விலைமதிப்பு அந்த ‘டக்’கில் இருக்கிறது. இன்றைய மலிவான குக்கரிலும் அது உண்டு. தண்ணீர் வற்றி அடிப்பானை 100 பாகையைத் தாண்டியதும் காந்தம் பிடியை விடும், பொத்தான் விழும். 1979-இல் சிறுகணினி வைத்த குக்கர் வந்தது, 1988-இல் பானையையே சூடாக்கும் ஐ.எச். வகை வந்தது. இவை ஜப்பானிய அரிசியின் சுவையை நுணுக்கமாக்க வந்தவை. பொன்னிப் புழுங்கல் சமைப்பவர் அதற்காகப் பல மடங்கு கொடுக்க வேண்டியதில்லை. நான் கொடுத்து ஏமாந்தேன். பானையில் போட்ட கோட்டளவுக்குத் தண்ணீர் வைத்து, கல்லைப் போன்ற சோறு தின்றேன். அந்தக் கோடு ஜப்பானியப் பச்சரிசிக்குப் போட்டது. புழுங்கலரிசிக்கு ஒன்றுக்கு இரண்டரை, மூன்று பங்கு தண்ணீர் வேண்டும்.

குக்கரோடு வரும் குவளை 180 மில்லி, வீட்டு டம்ளர் அல்ல. ஐந்தரைக் குவளைக் குக்கர் என்றால் சுமார் ஒரு லிட்டர் அரிசி. புழுங்கல் பொங்கி வழியும், ஆகவே தேவைக்கு ஒரு படி பெரிதாகவே வாங்குங்கள். உள்பானை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், முதலில் தேய்வது அதுதான். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். இங்கே வாங்கி ஊருக்கு அனுப்புவதானால் வெளிநாட்டுக்கென்று செய்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. மனைவி வந்த பிறகு, முதல் மாதம் நீங்களே சோறு வையுங்கள். அளவு பிசகும், குழையும், மறுபடி வையுங்கள். அந்த ‘டக்’ கேட்கும்வரை யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் கொடுத்த காசுக்குப் பொருள் தகுமா என்று தெரியும்.