சமூகப் பணிக் களப்பயிற்சி

சமூகப் பணி படிக்கும் மாணவர் மருத்துவமனை, பள்ளி, சிறார் இல்லம், குடிசைப் பகுதி, தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் அமர்த்தப்பட்டு, அனுபவமுள்ள பணியாளரின் மேற்பார்வையில் மக்களின் சிக்கல்களை நேரடியாகக் கையாளக் கற்பது களப்பயிற்சி எனப்படும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 'களப்பணி' என்ற சொல்லே புழக்கத்தில் உள்ளது. இன்றைய பாடத்திட்டங்களில் இது ஒரு தாளாக இடம்பெறுகிறது. வரலாற்றிலோ களமே முந்தியது. வகுப்பறை அதற்குத் துணையாகப் பின்னால் வந்தது.

லண்டனில் 1869-இல் தோன்றிய அறநிறுவன ஒருங்கிணைப்புச் சங்கம் தன் தொண்டர்களை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பி, நிலைமையை விசாரித்து உதவியை முடிவுசெய்தது. ஆக்டேவியா ஹில் 1865 முதல் ஏழைகளுக்கான வாடகைக் குடியிருப்புகளை நிர்வகித்துவந்தார். வாடகை வசூலிக்கச் செல்லும் பெண்கள் குடும்பங்களை அறிந்து உதவவும் பழக வேண்டும் என்பது அவர் முறை. 1884-இல் லண்டனில் டாயின்பீ ஹால், 1887-இல் அதே நகரின் சதர்க்கில் பெண்கள் பல்கலைக்கழகக் குடியிருப்பு, 1889-இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸ் ஆகியவை, படித்தவர்கள் ஏழைகளின் அண்டையிலேயே குடியிருந்து கற்க வழி செய்தன. இவற்றில் எல்லாம் கற்றல் என்பது மூத்தவருடன் சென்று, பார்த்துச் செய்வதுதான். மூத்தவரின் திறமை மட்டுமல்லாமல் அவருடைய தப்பெண்ணங்களும் இளையவருக்குச் சென்று சேர்ந்தன என்பது இம்முறையின் பெருங்குறை. உதவிக்குத் 'தகுதியுள்ள' ஏழை, 'தகுதியற்ற' ஏழை என்று பிரிக்கும் பழக்கமும் இப்படியே தலைமுறை கடந்தது.

அமெரிக்க அறநிறுவனப் பணியாளர் மேரி ரிச்மண்ட் 1897-இல் டொராண்டோவில் நடந்த அறப்பணி மாநாட்டில் முறையான பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே நியூயார்க் அறநிறுவன ஒருங்கிணைப்புச் சங்கம் ஆறு வாரக் கோடைப் பயிற்சியை நடத்தியது. அதில் 27 மாணவர்கள் படித்தனர். 1904-இல் அது ஓராண்டுப் படிப்பாக வளர்ந்து, பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. ஆம்ஸ்டர்டாமில் 1899-இலும், பெர்லினில் ஆலிஸ் சாலமன் முயற்சியால் 1908-இலும் பள்ளிகள் எழுந்தன. பயிற்சி யார் கையில் இருக்க வேண்டும் என்ற வழக்கும் அப்போதே தொடங்கிவிட்டது. பள்ளி, பணி நிறுவனங்களோடு ஒட்டியிருக்க வேண்டும் என்றார் ரிச்மண்ட். சட்டமும் புள்ளியியலும் அரசுக் கொள்கையும் அறியாதவர் நல்ல பணியாளர் ஆக முடியாது என்று கருதிய எடித் ஆபட், சோஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ் இருவரும் சிகாகோ பள்ளியை 1920-இல் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுசென்றனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. இழுபறி இன்றும் முடியவில்லை.

ஸ்மித் கல்லூரி 1918-இல், முதல் உலகப் போரில் மனம் சிதைந்த வீரர்களுக்கு உதவும் பணியாளர்களை உருவாக்கப் பள்ளி தொடங்கியபோது, கோடையில் வகுப்பு, பின்னர் பல மாதங்கள் தொடர்ச்சியாகக் களம் என்ற முறையை வகுத்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் களப்பயிற்சி தனக்கே உரிய கருவிகளைப் பெற்றது. முதன்மையானது உரையாடல் பதிவு. சேவை நாடி வந்தவர் சொன்னது, மாணவர் சொன்னது, அப்போது மாணவர் மனத்தில் எழுந்தது எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதி மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். எங்கே அவசரப்பட்டு அறிவுரை சொன்னார், எங்கே எதிரில் இருப்பவரின் கண்ணீருக்கு அஞ்சிப் பேச்சை மாற்றினார் என்பதையெல்லாம் அந்தத் தாள்கள் வெளிக்காட்டிவிடும். இதைவிடக் கூர்மையான கற்பித்தல் கருவி இத்துறையில் அரிது. சமூகப் பணிக் கல்வியாளர் பெர்த்தா ரெனால்ட்ஸ் 1942-இல் வெளியிட்ட நூலில் கற்போரின் நிலைகளை வரிசைப்படுத்தினார். முதலில் தன்னைப் பற்றிய கூச்சம், பிறகு மூழ்கினாலும் சரி நீந்தினாலும் சரி என்ற தத்தளிப்பு. மூன்றாவது நிலையில் செய்ய வேண்டியது புரியும், ஆனால் செயல் வசப்படாது. இந்த நிலை நீண்டது. மாணவர் மனம் தளர்வதும் பெரும்பாலும் இங்கேதான். அதன் பிறகே ஓரளவு தேர்ச்சியும், பிறருக்குக் கற்பிக்கும் திறனும் வரும்.

இந்தியாவிலும் களமே முதலில் அமைந்தது. அமெரிக்க மறைப்பணியாளர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் பம்பாயின் நாக்பாடாவில் 1926-இல் அண்டைச் சமூக நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்த அனுபவத்தின் மேல் 1936-இல் சர் தோராப்ஜி டாடா சமூகப் பணிப் பள்ளி எழுந்தது. 1944-இல் அது டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்முயற்சியால் 1952-இல் சென்னை சமூகப் பணிப் பள்ளி தோன்றியது. அமெரிக்க முறையை அப்படியே எடுத்துக்கொண்டதில் ஒரு சிக்கல் இருந்தது. தனிமனிதரை நேர்கண்டு பேசும் முறைக்கு அங்கிருந்த முதன்மை, வறுமையும் சாதியும் நிலமின்மையும் அழுத்தும் ஊரில் பொருந்தவில்லை. தேர்ந்த பணியாளர் பல நிறுவனங்களில் இல்லாததால் மேற்பார்வையின் பெரும்பங்கு கல்லூரி ஆசிரியர் தலையில் விழுந்தது. இங்கு உருவான வழக்கப்படி மாணவர் வாரத்தில் இரண்டு நாள் களத்துக்குச் செல்கிறார். அறிக்கை எழுதி ஆசிரியருடன் தனியாகவும் குழுவாகவும் விவாதிக்கிறார். ஊரக முகாமில் தங்குகிறார். படிப்பின் இறுதியில் ஒரு மாத அளவில் தொடர்பயிற்சி பெறுகிறார். களத்திலிருந்து புதிய சேவைகளும் பிறந்தன. 1098 என்ற எண் கொண்ட குழந்தைகள் உதவித் தொலைபேசிச் சேவையான சைல்டுலைன், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத் திட்டமாக 1996-இல் மும்பையில் தொடங்கியது.

அமெரிக்கச் சமூகப் பணிக் கல்வி மன்றம் 2008-இல் களக்கல்வியை இத்துறையின் தனித்த அடையாளமான கற்பித்தல் முறை என்று அறிவித்தது. இளநிலைக்கு 400, முதுநிலைக்கு 900 மணி நேரம் குறைந்தபட்ச அளவு. இங்கிலாந்தில் 170 நாட்கள். இந்தியாவில் சமூகப் பணிக் கல்வி முழுவதையும் நெறிப்படுத்தும் சட்டபூர்வ மன்றம் இல்லாததால் அளவும் தரமும் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகின்றன. 2020-இல் கொரோனா பெருந்தொற்று நிறுவனங்களை மூடியபோது பயிற்சி தொலைபேசிக்கும் காணொளிக்கும் மாறியது.

பெரும்பாலான நாடுகளில் இப்பயிற்சிக்கு ஊதியம் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கும் குழந்தை வளர்ப்பவருக்கும் இது கடும் சுமை. வறுமையை நேரில் அறிந்தவர்களே பணச் சுமையால் இத்தொழிலுக்கு வர முடியாமல் போவது பெரும் இழப்பு. ஆஸ்திரேலிய அரசு 2025 ஜூலை முதல் ஆசிரியர், செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் படிப்பு மாணவர்களோடு சமூகப் பணி மாணவர்களுக்கும், வருமான நிலையைச் சோதித்து, பயிற்சிக் கால வாராந்தர உதவித்தொகை வழங்கிவருகிறது.