செடிகளும் இறங்கிய துறைமுகம்

ராமநாதபுரம் சீமையில் வீட்டுத் தாழ்வாரங்களில் தொட்டியில் நிற்கும் குரோட்டன்ஸ் செடியைக் காண்போர், மஞ்சளும் சிவப்பும் வாரித் தெளித்தாற் போன்ற அதன் இலையை வியப்பார்களேயன்றி, அது எந்நாட்டுப் பிறவி என்று விசாரிப்பதில்லை. கீழ்த்திசைக் கடலில் மொலுக்கஸ் தீவுகளை ஒட்டிய பிரதேசமே அதன் ஜன்மபூமி. 1753இல் லின்னேயஸ் அதனைக் குரோட்டன் இனத்தில் சேர்த்தார். பின்வந்த தாவர சாஸ்திரிகள் வேறு இனத்துக்கு மாற்றிவிட்டனர். நம் ஜனங்களோ பழைய பெயரை இன்றளவும் விடவில்லை.

இத்தகைய அயல்நாட்டுச் செடிகள் இந்தியாவுக்குள் பிரவேசிப்பதற்குச் சட்டம் குறித்த வாயில்களுள் தனுஷ்கோடியும் ஒன்றாயிருந்தது. பயிரை அழிக்கும் பூச்சிகளும் பூஞ்சைகளும் வெளிநாட்டிலிருந்து வாராமல் தடுக்கும் சட்டம் 1914 பிப்ரவரி 3இல் பிறந்தது. அதே மாதம் 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட, தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடலாயிற்று. வழியும் வழிக்கான காவலும் இவ்வாறு ஒரே மாதத்தில் அமைந்தன. அக்காவல் வீண் அச்சத்தால் எழுந்ததன்று. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அந்நாட்டின் காப்பித் தோட்டங்களையே அழித்துவிட்டதை உலகம் கண்டிருந்தது. ஆகவே, இலங்கைக்குப் புறப்பட்ட தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தப்பட்டது போலவே, கடல் கடந்து வந்த செடியும் ஹைட்ரோசயனிக் அமில வாயுவின் புகையை ஏற்ற பின்னரே ரயிலேற முடிந்தது.

துறைமுகத்தில் புகை செய்த வேலையை வீட்டில் ஈரத்துணி செய்கிறது. மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் இலையின் அடிப்புறத்தில்தான் ஒளிந்திருக்குமாதலால், வாரமொரு முறை அப்புறத்தைத் துடைத்தெடுப்பதே செடி வளர்ப்பின் முதற் கடமை. கடற்காற்று கொண்டுவந்து படிய வைக்கும் உப்பும் அத்துடன் நீங்கும். மஞ்சள் படர்ந்த பாகத்தில் பச்சையம் குறைவாகையால், இருண்ட மூலையில் வைத்த செடி பிழைப்பதற்காகத் தன் வர்ணத்தைத் துறந்து பச்சையாகிவிடும். காலை வெயில் படும் ஜன்னலோரமே அதற்கு உகந்தது. அடிக்கடி இடம் மாற்றினால் இலையுதிர்க்கும். உவர்நீர் ஊற்றினால் இலை நுனி கருகும். இக்கரையில் மணலைத் தோண்டினால் ஊறுகிற நன்னீரே அதற்கும் ஆகாரம்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி துறைமுகம் அழிந்தது. சட்டம் அழியவில்லை, செடி இறக்குமதியை இன்று ஆளும் 2003ஆம் ஆண்டு ஆணை அச்சட்டத்தின் கீழ்ப் பிறந்ததே. புதிதாகச் செடி வாங்குவோர், அதனை மற்றத் தொட்டிகளோடு சேர்க்கு முன் இரண்டு வாரமேனும் தனியே வைத்துப் பார்த்தல் க்ஷேமம். தனுஷ்கோடியின் பழைய விதியை அவ்வளவிலாவது வீட்டில் காப்பாற்றலாம்.