நெகிழ்வுப் பணியும் பெண்களின் பதவி உயர்வும்: பாண்டுப், மும்பை

வேலையின் அளவும் பொறுப்பும் குறையாமல், அதைச் செய்யும் நேரத்தையும் இடத்தையும் ஊழியர் தம் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு நெகிழ்வுப் பணி எனப்படுகிறது. வீட்டிலிருந்து வேலை, வாரத்தில் சில நாள் மட்டும் அலுவலகம், வருகை நேரத்தை முன்பின்னாகத் தள்ளிக்கொள்வது ஆகியவை இதில் அடங்கும். பராமரிப்புக்காக எடுக்கும் நீண்ட விடுப்பும் இங்கே இதோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. வேலையில் நீடிப்பது ஒன்று, பதவியில் மேலே ஏறுவது இன்னொன்று. இந்திய ஏற்பாடுகள் பெரும்பாலும் முதலாவதற்கு மட்டுமே வழி செய்கின்றன. மும்பையின் வடகிழக்குப் புறநகரான பாண்டுப்பில் வசிக்கும் வேலைக்குப் போகும் பெண்களின் நாளைப் பார்த்தால் இது விளங்கும்.

இடமும் ரயிலும்

பம்பாயையும் தானேயையும் ரயில்பாதையால் இணைக்கும் எண்ணம், பம்பாய் அரசின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் கிளார்க்குக்கு 1843-ல் பாண்டுப்புக்கு வந்திருந்தபோதுதான் தோன்றியது என்று இந்திய ரயில்வே வரலாறு பதிவு செய்திருக்கிறது. பத்தே ஆண்டில், 1853 ஏப்ரல் 16 அன்று, அந்தப் பாதையில் ரயில் ஓடியது. பின்னாளில் லால் பகதூர் சாஸ்திரி சாலையை ஒட்டித் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றில் பல மூடப்பட்டு, இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. தாராவியிலும் மாட்டுங்காவிலும் காலூன்றிய தமிழ்க் குடும்பங்களில் பல, சொந்த வீடு தேடி இந்தத் தடத்தில் வடக்கே நகர்ந்தன. தாத்தா தோல் பட்டறையிலோ சுருக்கெழுத்துத் தட்டச்சிலோ தொடங்கியிருப்பார். பேத்தி வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ தணிக்கை அலுவலகத்திலோ இருக்கிறாள்.

அவள் அலுவலகம் போகும் வழி எளிதானதல்ல. பெரும்பாலான ஃபாஸ்ட் லோக்கல்கள் பாண்டுப்பில் நிற்பதில்லை. நிற்கும் ஸ்லோ லோக்கலும் டோம்பிவிலி, தானே கூட்டத்தோடு நிரம்பித்தான் வரும். லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். பாந்த்ரா குர்லா வளாகத்துக்கு என்றால் குர்லாவில் இறங்கி, ஷேர் ஆட்டோ வரிசையில் நிற்க வேண்டும். ஐரோலிக்கு என்றால் தானே போய் ரயில் மாற வேண்டும். பவாய்க்கு காஞ்சூர்மார்க்கில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். மாலையில் திரும்பும் பெட்டியில் மடியில் பிளாஸ்டிக் பையை விரித்துப் பட்டாணி உரிப்பவர்களையும் கீரை ஆய்பவர்களையும் பார்க்கலாம். இரவுச் சமையலின் முதல் பாதி ரயிலிலேயே முடிந்துவிடுகிறது.

நேரம் எப்படி வாயிற்கதவாக மாறும் என்பதை 2020 காட்டியது. ஊரடங்கில் நின்றுபோன லோக்கல் ரயில்களில், அத்தியாவசியப் பணியில் இல்லாத பெண்களும் ஏறலாம் என்று அந்த ஆண்டு அக்டோபர் 21 முதல் அனுமதி கிடைத்தது. காலை 11 முதல் மாலை 3 வரையிலும் இரவு 7-க்குப் பிறகும் மட்டுமே ஏறலாம். பத்து மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவளுக்கு அந்த அனுமதியால் பயன் ஏதுமில்லை. அலுவலக நேரம் நகர்ந்திருந்தால்தான் ரயிலும் உதவியிருக்கும்.

சட்டம் வந்த வழி

பெண் ஊழியருக்குக் கல்யாணமானால் வேலை போய்விடும் என்ற விதி பம்பாயில் எழுத்திலேயே இருந்தது. இன்டர்நேஷனல் ஃபிரான்சைஸஸ் என்ற மருந்து நிறுவனத்தின் பொட்டலமிடும் பிரிவில் இருந்த அந்த விதியை எதிர்த்துப் பாம்பே லேபர் யூனியன் வழக்காடியது. 1965-ல் உச்ச நீதிமன்றம் விதியை நீக்கியது. ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண் முதல் முறை கர்ப்பமானதுமே வேலையை இழக்கும் நிலை 1981 வரை நீடித்தது. நர்கேஷ் மீர்சா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தாலும், பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் திருமணம் கூடாது என்ற தடையை ஏற்றுக்கொண்டது. தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இருந்த இரவுப் பணித் தடையை 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

இன்றைய ஏற்பாடுகளுக்கு அடிப்படை, 1961-ன் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தம். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குக் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பற்றியும் திருத்தம் பேசுகிறது. ஆனால் வேலையின் தன்மை இடம் கொடுத்து, முதலாளியும் ஊழியரும் ஒத்துக்கொண்டால் மட்டுமே அது உண்டு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே, ஆண் பெண் இருவரும் நெகிழ்வுப் பணி கேட்கலாம். மறுத்தால் நிறுவனம் காரணம் சொல்ல வேண்டும். இங்கே அப்படிக் கேட்கும் உரிமை பொதுவாக இல்லை, மேனேஜரின் மனசுதான் சட்டம்.

நிறுவனங்களின் திட்டங்கள்

இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்காக 2008-ல் டாடா குழுமம் தொடங்கிய திட்டத்தில், சுமார் 500 மணி நேர ப்ராஜெக்ட் ஒன்றை ஐந்தாறு மாதத்தில், தனக்குத் தோதான நேரத்தில் செய்து முடிக்கலாம். பாண்டுப்பிலிருந்து இரண்டாவது ஸ்டேஷனான விக்ரோலியில் உள்ள கோத்ரெஜும் இதுபோன்ற திட்டம் வைத்திருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கி, குழந்தை அல்லது முதியோர் பராமரிப்புக்காகப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு வரை விடுப்பு தருகிறது. ஐசிஐசிஐ வங்கி 2016 மகளிர் தினத்தன்று, ஓராண்டு வரை வீட்டிலிருந்து வேலை செய்யும் திட்டத்தை அறிவித்தது. கொரோனாவுக்கு நான்கு ஆண்டு முன்பே, வங்கி வேலையையும் வீட்டிலிருந்து பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று இது காட்டிவிட்டது.

பதவி உயர்வில் விழும் அடி

வேலையில் நீடிக்க உதவும் இந்த ஏற்பாடுகள் மேலே ஏறவும் உதவுகின்றனவா? டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் (டிசிஎஸ்) 2020 ஏப்ரலில், 2025-க்குள் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டுமே ஒரு நேரத்தில் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற திட்டத்தை அறிவித்தது. பின்னர் அதே நிறுவனம் எல்லோரையும் அலுவலகத்துக்கு அழைத்தது. 2022–23 ஆண்டறிக்கையில், பெண்கள் வேலையை விடும் விகிதம் ஆண்களைத் தாண்டிவிட்டதாகவும் அது வழக்கத்துக்கு மாறானது என்றும் மனிதவளத் தலைவர் மிலிந்த் லக்கட் எழுதினார். வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் வீட்டு ஏற்பாடுகள் மாறிப்போனது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. 2024-ல் காலாண்டு மாறுபடும் ஊதியம் அலுவலக வருகையோடு இணைக்கப்பட்டது. இப்படிக் கணக்குப் போட்டால், சம்பளத்தில் முதலில் அடி வாங்குபவள் நேரத்தைத் தள்ளிக் கேட்டவள்தான்.

அடுத்த அடி அப்ரைசலில், அதாவது ஆண்டுப் பணி மதிப்பீட்டில். ஆறு மாதம் மகப்பேறு விடுப்பில் இருந்தவளுக்கு அந்த ஆண்டு நடுத்தர மதிப்பீடே கிடைப்பது பல அலுவலகங்களில் எழுதப்படாத வழக்கம். விடுப்புக் காலத்தில் பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றக் கூடாது என்கிறது சட்டம். அப்ரைசல் மதிப்பெண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. திரும்பி வந்தவளை இரவு எட்டு மணி கிளையண்ட் கால் உள்ள ப்ராஜெக்ட்டிலிருந்து நல்லெண்ணத்தோடு விலக்குவார்கள். ஆன்சைட் வாய்ப்பும் அந்த ப்ராஜெக்ட்டோடு போய்விடும். அவளைக் கேட்காமல் செய்யும் இந்த உதவியே அவளை அதிகம் பின்தள்ளுகிறது. பொதுத்துறை வங்கிகளில் அதிகாரி நிலை உயர்வோடு பெரும்பாலும் இடமாற்றமும் வரும். ஆகவே உயர்வே வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பவர்கள் உண்டு. இந்த இடமாற்றச் சிரமத்தைக் குறைக்க, கணவர் வேலை பார்க்கும் ஊரை ஒட்டியே பெண் ஊழியர்களைப் பணியமர்த்த முயலும்படி 2014-ல் நிதி அமைச்சகம் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது.

நீண்ட நேரமும் எப்போதும் தயார் நிலையும் கேட்கும் வேலைகள் மணிக்கணக்கின் விகிதத்தைவிடக் கூடுதலாகச் சம்பளம் தருவதுதான், படித்த ஆண் பெண் இடையிலான ஊதிய இடைவெளிக்கு முக்கியக் காரணம் என்று 2023-ல் நோபல் பெற்ற பொருளியலாளர் கிளாடியா கோல்டின் காட்டியிருக்கிறார். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்கிறது 2013-ன் கம்பெனிச் சட்டம். டீம் லீடுக்கும் இயக்குநர் குழுவுக்கும் நடுவிலுள்ள படிகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

வீடும் பாளணாகரும்

2024-ன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். வீட்டுச் சுமை இப்படியிருக்க, நெகிழ்வுப் பணியைப் பெண்களுக்கு மட்டும் தருவது அந்தச் சுமையை அவள் தலையிலேயே உறுதிப்படுத்தும். அதே ஏற்பாட்டை அப்பாக்களும் எடுத்து, அதற்காக அவர்கள் அப்ரைசலும் குறையாத வரை இது தீராது.

பாட்டி சொந்த ஊரிலேயே தங்கிவிட்ட வீடுகளில் எல்லாமே பாளணாகர் என்று மராத்தியில் சொல்லும் குழந்தைகள் காப்பகத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு மராத்தி அக்கா தன் வீட்டு ஹாலில் நடத்துவது. மூடும் நேரம் நெருங்கும்போது, ரயில் எங்கே நிற்கிறது என்று சொல்ல அம்மாவிடமிருந்து போன் வரும். காப்பகம் கட்டாயம் என்ற சட்டமோ ஐம்பது பேராவது உள்ள இடத்துக்குத்தான். ஒரு தணிக்கையாளரின் அலுவலகமோ பல் மருத்துவமனையோ அதற்குள் வராது. மிஷன் சக்தி திட்டத்தின் கீழ் நடக்கும் மத்திய அரசின் பால்னா காப்பகங்களுக்கு வரையறுத்த நேரம் நாளுக்கு ஏழரை மணி. பாண்டுப்பில் ரயிலேறி தென் மும்பையின் ஃபோர்ட்டில் எட்டு மணி நேரம் வேலை பார்த்துத் திரும்பும் ஒரு தாய்க்குப் பத்து மணி நேரமாவது வேண்டும்.