காதர் சாகிபின் இயந்திரமும் மோஹாக் பள்ளத்தாக்கும்

திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி எப்போது தொடங்கியது? குலாம் காதர் என்ற முஸ்லிம் வணிகர் கல்கத்தாவில் பின்னல் இயந்திரத்தைக் கண்டு, அதை ஊருக்குக் கொண்டுவந்து, 'பேபி நிட்டிங்' என்ற பெயரில் தொழில் தொடங்கினார் என்பது ஊரறிந்த கதை. ஆண்டில்தான் சிக்கல். சில ஆய்வாளர்கள் 1925 என்கிறார்கள், வேறு சிலர் 1937 என்கிறார்கள். தொழில் வரலாற்றில் பன்னிரண்டு ஆண்டு என்பது சின்ன இடைவெளி அல்ல.

1942-ல் திருப்பூரில் 34 பின்னல் ஆலைகள் இருந்ததாகத் தொழில் வரலாறுகள் குறிக்கின்றன. 1937-ல் ஒரே ஒரு கம்பெனி என்றால், உலகப்போரும் குறுக்கிட்ட ஐந்து ஆண்டுகளில் 34 எப்படி வந்திருக்கும்? வெளிநாட்டு இயந்திரம் கப்பலேறி வருவதே அரிதாகிவிட்ட காலம் அது. 1925 என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆண்டைத் தேடத் தொடங்கியவன் இயந்திரத்தின் தடத்தில் பின்னோக்கிப் போனேன். கல்கத்தாவில் ஹோசியரித் தொழில் 1893-ல் கிதர்பூரில் தொடங்கியது. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1589-ல், இங்கிலாந்தில் வில்லியம் லீ கால்மிதியால் இயங்கும் பின்னல் சட்டத்தை உருவாக்கினார். இரண்டுக்கும் நடுவே, மனித உடலின் வேலையை எந்திர விசைக்கு மாற்றிய கட்டம் ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், மோஹாக் ஆற்றங்கரையிலுள்ள கோஹோஸ் ஊரில், எக்பர்ட் எக்பர்ட்ஸும் டிமோத்தி பெய்லியும் 1832-ல் ஆற்று நீரின் விசையால் பின்னல் சட்டத்தை ஓட்டினார்கள். அமெரிக்காவின் முதல் விசைப் பின்னல் ஆலை அதுதான். அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்காமல் இந்த வரலாற்றை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

அமெரிக்கா என்றால் நம் ஏற்றுமதியாளர்களுக்கு நியூயார்க் நகரத்து பையிங் ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். நான் போனது அதற்கு வடக்கே, மலைகளுக்கு நடுவே. 1825-ல் திறக்கப்பட்ட ஈரி கால்வாய் அந்த ஆற்றை ஒட்டியே போகிறது. கால்வாய் வந்ததும் சரக்கு வந்தது, ஆலைகளும் வந்தன. கோஹோஸ், லிட்டில் ஃபால்ஸ், யூட்டிக்கா என்று வரிசையாக உள்ளாடை பின்னும் ஊர்கள். அவிநாசி சாலையில் போகிறவர் ஊருக்கு ஊர் பனியன் கம்பெனி பார்ப்பதைப் போல நூறாண்டுக்கு முன்பு அங்கே போனவரும் பார்த்திருப்பார்.

திருப்பூரில் மேற்கே பார்த்துத் தொழுது பழகியவன், அங்கே வடகிழக்கே திரும்பி நின்றேன். பயணி என்பதால் லுஹரும் அஸரும் இரண்டிரண்டு ரக்அத்தாகச் சுருங்கின. ஹலால் உணவு கிடைக்குமா என்ற கவலை யூட்டிக்காவில் நீங்கியது. 1990-களில் போருக்குத் தப்பி வந்த போஸ்னிய முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறியிருக்கிறார்கள். நகர மன்றத்துக்குப் பக்கத்தில் இடிபடக் காத்திருந்த மெதடிஸ்ட் தேவாலயத்தை வாங்கிப் பழுதுபார்த்துப் பள்ளிவாசலாக்கியிருக்கிறார்கள். பின்னல் ஆலைகள் தென்மாநிலங்களுக்குப் போய்விட, ஆள் குறைந்து வெறிச்சோடிய ஊரில் வீடுகளையும் கடைகளையும் எடுத்து நடத்தியவர்களில் அகதிகளாக வந்த இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊரில் ஒரு முஸ்லிம் பின்னலைத் தொடங்கிவைத்தார். அங்கே பின்னல் போன பிறகு முஸ்லிம்கள் வந்து ஊரைத் தாங்கினார்கள்.

என்னை அதிகம் உலுக்கியது லிட்டில் ஃபால்ஸ். இயந்திரத்தைத் தேடிப் போனவனுக்கு அங்கே கிடைத்தது ஒரு வேலைநிறுத்தம். பெண் தொழிலாளர்களின் வார வேலை நேரத்தை 60 மணியிலிருந்து 54 மணியாகக் குறைக்கும் சட்டம் 1912 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. முதலாளிகள் நேரத்தோடு சேர்த்துச் சம்பளத்தையும் குறைத்தார்கள். போலந்து, இத்தாலி, ஸ்லோவாக்கியா பகுதிகளிலிருந்து வந்து பின்னல் ஆலைகளில் உழைத்த பெண்களும் ஆண்களும் வேலையை நிறுத்தினார்கள். காசநோயைப் பற்றி ஆராய ஊர்ப் பெண்கள் சங்கம் அமர்த்தியிருந்த செவிலியர் ஹெலன் ஷ்லாஸ், அந்த வேலையை விட்டுப் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்கும் போனார். ஆதரித்துப் பேச வந்த பக்கத்து நகர மேயர் ஜார்ஜ் லன் கைதானார். மாநிலச் சமரச வாரியம் தலையிட்டது. 54 மணிக்கு 60 மணி நேரச் சம்பளம் என்று 1913 ஜனவரியில் முடிவானது. அன்றைய செய்தித்தாள்களும் அரசு விசாரணையும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

அவற்றைப் படித்தபோது 1984 கண்முன் வந்தது. பஞ்சப்படி கேட்டு நம் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த ஆண்டு அது. அதை விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் சரத் சாரி. கம்பெனிகள் சிறுசிறு யூனிட்டுகளாகப் பிரிந்ததும், பீஸ் ரேட், கான்ட்ராக்ட் முறை பரவியதும் அந்தப் போராட்டத்துக்குப் பிறகு வேகம் பிடித்தன. இன்றைய திருப்பூரின் உருவமே அப்போது தீர்மானமானது என்பது என் கணிப்பு. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது ஆர்டர் நின்ற யூனிட்டுகளில் முதலில் வேலையிழந்தவர் யார் என்று கேட்டால், பதில் 1984-ல் தொடங்குகிறது.

லிட்டில் ஃபால்ஸ் மூன்று மாதப் போராட்டத்தின் தாளைக் காத்து வைத்திருக்கிறது. நாம் காதர் சாகிபின் ஆண்டையே இரண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கம்பெனிப் பேரேடு, கல்கத்தா இயந்திர பில், வருகைப் பதிவேடு, சம்பள ஒப்பந்தம், 1984-ன் துண்டறிக்கை எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் நகலெடுக்கவாவது கொடுங்கள்.