லின்ட் கருவிகளும் தற்சோதனைகளும்

லின்ட் என்பது ஒரு நிரலை இயக்காமலேயே அதன் வரிகளைப் படித்து, பிழை இருக்கக்கூடிய இடங்களைச் சுட்டிக்காட்டும் கருவியாகும். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டீபன் ஜான்சன் 1978ஆம் ஆண்டளவில் சி மொழிக்காக இதனை உருவாக்கினார். துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துகளின் ஆங்கிலப் பெயரே இதற்கு இடப்பட்டது. 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளியாகி, பின்னர் இவ்வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று.

பிறர் நிரலில் குற்றம் காணும் கருவியிலும் குற்றம் இருக்கலாம். விடைக்குறிப்பே தவறானால் விடைத்தாள் திருத்துவதில் பயனில்லை அல்லவா? லின்ட் இருவகையில் தவறும்: உண்மையான பிழையைக் காணாமல் விடலாம், சரியான வரியைப் பிழை என்று சொல்லலாம். இரண்டாவதே அதிகக் கேடு தருவது. பொய் எச்சரிக்கைகளால் சலிப்படையும் நிரலாளர் அந்த விதியையே அணைத்துவிடுவார். அதன் பிறகு உண்மையான பிழையும் அவர் கண்ணில் படாது.

ஆகவே கருவிக்கும் தற்சோதனைகள் எழுதப்படுகின்றன. 2013இல் நிக்கோலஸ் சக்காஸ் தொடங்கிய ஈஎஸ்லின்ட், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கானது. அதன் ஒவ்வொரு விதிக்கும் இரு பட்டியல்கள் உண்டு. பயன்படுத்தாத மாறிகளைக் கண்டறியும் விதியை எடுத்துக்கொண்டால், அறிவித்துப் பயன்படுத்திய மாறி ஏற்கத்தக்க பட்டியலிலும், அறிவித்துவிட்டு மறந்த மாறி தவறானவற்றின் பட்டியலிலும் இடம்பெறும்.

இச்சோதனைகளில் ஒருவர் செய்யும் மாற்றத்தை மற்றொருவர் மறுஆய்வு செய்வார். சோதனை வெற்றி பெறுகிறது என்பது மட்டும் அவருக்குப் போதாது. விதியை வேண்டுமென்றே சிதைத்தால் சோதனை தோல்வியடைகிறதா என்று பார்க்க வேண்டும். தோல்வியடையாவிட்டால் அச்சோதனை எதையும் காக்கவில்லை. இந்தச் சிந்தனையை டிமில்லோ, லிப்டன், சேவார்டு ஆகிய மூவர் 1978இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். லின்ட் தோன்றிய காலமும் அதுவே.

ஈஎஸ்லின்ட் தன் சோதனை முறையையும் படிப்படியாக இறுக்கியது. ஒரு விதி நிரலைத் தானே திருத்தினால், திருத்திய வடிவத்தையும் சோதனையில் எழுத வேண்டும் என்று 2020இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு கட்டாயமாக்கியது. அதற்கு முன், தவறாகத் திருத்தினாலும் சோதனை வெற்றி பெற முடிந்தது. 2024இன் ஒன்பதாம் பதிப்பு, ஒரே சோதனை இருமுறை எழுதப்பட்டிருந்தால் அதனை ஏற்க மறுத்தது.

பைத்தான் மொழிக்கான பைலின்ட் இன்னொரு வழியையும் கையாள்கிறது. மாற்றப்பட்ட கருவியைப் பிறர் எழுதிய பெரிய திறந்த மூல நிரல்களின் மீது ஓட்டி, புதிதாகத் தோன்றிய எச்சரிக்கைகளையும் மறைந்தவற்றையும் மறுஆய்வாளரின் முன் வைக்கிறது. அவற்றுள் எது மெய், எது பொய் என்பதை மனிதரே வரி வரியாகப் படித்து முடிவு செய்கிறார்.